அபட்டோர் வேலைக்குப் புதிதா? விலங்கிலிருந்து தொற்றும் நோய்கள், பரிசோதனை, இழப்பீடு: தென்னாப்பிரிக்காவில் படிப்படியாக

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அபட்டோரிலோ (கறிக்காக விலங்குகளை அறுக்கும் கூடம்), கறிக்கடையிலோ, குடல் கழுவும் இடத்திலோ வேலைக்குச் சேரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம். கத்தி வெட்டைப் பற்றி முதல் நாளே எச்சரிப்பார்கள். இரத்தம், சிறுநீர், கருப்பை நீர், தூசி வழியாக வரும் காய்ச்சலைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. அந்தக் காய்ச்சல் சாதாரண ஃப்ளூ போலத்தான் தொடங்கும். மருத்துவரிடம் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லாவிட்டால் அவர் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார். நோய் முற்றிய பிறகு, அது வேலையால் வந்ததுதான் என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. ஆகவே கவனத்தையும் காகிதத்தையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகச் சேர்த்து வாருங்கள்.

1. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

அந்த இடம் பதிவு பெற்ற அபட்டோரா என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பனைக்கான கறியைப் பதிவு பெற்ற அபட்டோரில்தான் அறுக்க வேண்டும். அங்கே அறுப்பதற்கு முன் விலங்கையும், அறுத்த பின் உடலையும் உறுப்புகளையும் பரிசோதகர் பார்ப்பார். நோயுற்ற மாடு பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிரிக்கப்பட்டுவிடும். பதிவில்லாத கொல்லைப்புறத்தில் அப்படிப் பார்க்க ஆளில்லை. அங்கே வேலை செய்பவரின் கைதான் முதல் பரிசோதனை. அப்படிப்பட்ட இடத்தில் கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்து, உங்கள் முதலாளி யார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் போனால், வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்குமான இழப்பீட்டுச் சட்டத்தின் பார்வையில் அந்த ஏஜென்சிதான் முதலாளி. ஒப்பந்தத்தில் உங்களைச் ‘சுயதொழில் ஒப்பந்தக்காரர்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு சொல் பின்னால் இழப்பீட்டுக்கே முட்டுக்கட்டை ஆகலாம்.

இழப்பீட்டு நிதியில் கட்டணம் கட்டியதற்கு ‘லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்’ என்ற சான்று முதலாளியிடம் இருக்க வேண்டும். அந்தக் கட்டணம் முழுக்க முதலாளியுடையது. உங்கள் சம்பளத்தில் ஒரு சென்ட் கூடப் பிடிக்கக் கூடாது. முதலாளி பதிவு செய்யாமலே இருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. அப்போதும் நீங்கள் கோரலாம், தண்டம் முதலாளிக்குத்தான்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், வேலை அனுமதி இருந்தால் அதன் நகல், தடுப்பூசி அட்டை, வங்கிக் கணக்கு உறுதிக் கடிதம், ஒப்பந்த நகல், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வீட்டில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

2. முதல் மருத்துவப் பரிசோதனை

அபட்டோரில் சேரும் முன் மருத்துவச் சான்று கேட்பார்கள். அதன் நோக்கம் உங்களால் கறிக்குத் தொற்று வரக் கூடாது என்பது. உங்களுக்கு வேண்டியது இன்னொன்று: கறியால் உங்களுக்கு எதுவும் வரவில்லை என்று இன்றைய தேதியில் காட்டும் பதிவு. உயிரியல் ஆபத்துக் காரணிகள் பற்றிய விதிகளின்படி இந்த மருத்துவக் கண்காணிப்பு முதலாளியின் பொறுப்பு, செலவும் அவருடையதே. புருசெல்லா (மாடு, ஆட்டிலிருந்து தொற்றும் கிருமி, பகுதி 3 பாருங்கள்) எதிர்ப்பொருள் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நோய் வந்தால் ‘சேரும்போது இல்லை, இப்போது இருக்கிறது’ என்று காட்ட இதைவிட வலுவான சான்று இல்லை. முடிவின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதய வால்வில் கோளாறு, செயற்கை வால்வு, ருமாட்டிக் காய்ச்சல் வந்த வரலாறு, சர்க்கரை நோய், எச்ஐவி, கல்லீரல் நோய் ஆகியவற்றை மறைக்காதீர்கள். வால்வுக் கோளாறு உள்ளவரைக் கியூ காய்ச்சல் (இதுவும் பகுதி 3இல்) பிடித்தால் அது இதயத்தில் தங்கிவிடக்கூடும். கர்ப்பிணிகள் உடனே சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்ணையோ பாலூட்டும் தாயையோ ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் சொல்கிறது. முடிந்தவரை வேறு வேலைக்கு மாற்றித் தர வேண்டும்.

3. எது எதிலிருந்து வரும்

மாடு, ஆடு வழியாக வருவதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது புருசெல்லோசிஸ். கன்று வீசும் (கரு கலைந்து விழும்) மாட்டு நோய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். கிருமி கருப்பையிலும், மடியிலும், நிணநீர்க் கட்டிகளிலும் குவிந்திருக்கும். தோல் கீறல், கண், மூச்சு எல்லாவற்றின் வழியாகவும் மனிதரை எட்டும். 5 நாளிலிருந்து 2 மாதத்துக்குள் ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகு வலி, மூட்டு வலி, எழுந்திருக்க முடியாத அசதி. சில ஆண்களுக்கு விரை வீக்கமும் வரும்.

பரிசோதனையில் நோய் உறுதியான மாட்டின் கழுத்தில் ஆங்கில ‘சி’ எழுத்துச் சூடு போடப்பட்டிருக்கும். அது செஞ்சிலுவைக் குறியிட்ட அனுமதிச் சீட்டோடு அபட்டோருக்கு வரும். அந்த மாட்டைக் கண்டால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: இது கடைசியாக, தனியாக அறுக்கப்படுகிறதா? கண்ணாடியும் முகக்கவசமும் எங்கே? கேட்பதற்குத் தயங்காதீர்கள். ஆனால் சூடு இல்லாத மாடு நோயற்றது என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

கியூ காய்ச்சல் ஆடு, மாடுகளின் இளங்கொடி, பனிக்குட நீர், உலர்ந்த சாணத் தூசியில் இருந்து காற்றில் வரும். தொட வேண்டும் என்பதே இல்லை. 2, 3 வாரத்தில் கடும் தலைவலியோடு காய்ச்சல் வரும், சிலருக்கு நுரையீரலும் கல்லீரலும் பாதிக்கும்.

கிரிமியன்-காங்கோ காய்ச்சல் அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் 1981இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மாட்டு உண்ணி கடித்தோ, கையால் நசுக்கியோ, புதிதாக அறுத்த விலங்கின் இரத்தம் பட்டோ வரும். 1996இல் ஔட்ஸ்ஹோர்னில் தீக்கோழி அபட்டோர் தொழிலாளர்களுக்கு வந்தது. விலங்கிடம் நோயின் அறிகுறியே இருக்காது. உண்ணி கடித்தால் பெரும்பாலும் 3 நாளுக்குள்ளும், இரத்தம் பட்டால் 5, 6 நாளிலும் தொடங்கும். 13 நாள் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ரிஃப்ட் வேலி காய்ச்சல் கனமழைக்குப் பிறகு கொசு பெருகும்போது கால்நடைகளில் பரவும். 2010, 2011இல் பரவியபோது நோயுற்றவர்களில் பெரும்பாலோர் கால்நடையோடு வேலை செய்தவர்கள். ஆடுகள் கூட்டமாகக் குட்டி வீசுகின்றன, இளங்குட்டிகள் சாகின்றன என்ற செய்தி வந்தால் அந்தப் பகுதி விலங்குகளிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

எலிக்காய்ச்சல் பன்றி, மாட்டின் சிறுநீரிலும் எலி ஓடும் ஈரத் தரையிலும் இருக்கும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை. மாட்டுக் காசநோய் நுரையீரல், நிணநீர்க் கட்டிகளை வெட்டும்போது வரும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் திடீரெனச் செத்த விலங்கின் துவாரங்களில் உறையாத இரத்தம் கசியும். அந்த உடலை வெட்டவே கூடாது, நகர்த்தவும் கூடாது, அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டு வாயில் கொப்புளம் இருந்தால் உங்கள் விரலிலும் ஒரு புண் வரலாம். ஓர்ஃப் எனப்படும் அது சில வாரத்தில் தானே ஆறும். சீழ்க்கட்டி என்று எண்ணி அதைக் கீறாதீர்கள்.

குவாசூலு-நாட்டாலில் அடிக்கடி பேசப்படும் கோமாரி நோயைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அது கால்நடையை வாட்டும், அபட்டோரை முடக்கும். மனிதரின் உடல்நலத்துக்கு அதனால் ஆபத்து இல்லை.

4. உடுப்பும் கருவியும்

முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ், நீர் புகாத ஏப்ரன், கைச்சட்டை, நைட்ரில் கையுறை, கண்ணாடி அல்லது முகத்திரை. கருப்பை, கன்று, தூசி உள்ள இடத்தில் நுண்துகளைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம். எல்லோரும் ஏமாறும் இடம் இரும்பு வலைக் கையுறை. அது கத்தியைத் தடுக்கும், இரத்தத்தைத் தடுக்காது. அதற்குள்ளே நைட்ரில் கையுறை கட்டாயம். கிழிந்தால் உடனே மாற்றுங்கள்.

இவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது 1993ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது. பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். புகார் சொன்னதற்காகப் பழிவாங்குவதை 26ஆம் பிரிவு தடை செய்கிறது.

கத்தி கழுவும் தொட்டியில் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆவி தெரியவில்லை, கையை விட முடிகிறது என்றால் அது வெறும் வெந்நீர், உடனே சொல்லுங்கள். இரத்தம் சிந்திய தரைக்கு: முதலில் துடைத்து எடுத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகுதான் ஜிக் (கடையில் கிடைக்கும் ப்ளீச் திரவம்). 3.5 விழுக்காடு ஜிக் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஆறு பங்கு, 10 நிமிடம் ஊற வேண்டும். இரத்தத்தின் மேலேயே ஊற்றினால் மருந்தின் வீரியம் அந்த இரத்தத்திலேயே தீர்ந்துவிடும். கலவையைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். வேறு கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

5. வேலைத்தளத்தில் தவறு நடக்கும் இடங்கள்

கருப்பையை அறுத்துத் திறக்காதீர்கள். உள்ளே கன்று இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. புருசெல்லோசிஸும் கியூ காய்ச்சலும் அதிகமாகத் தொற்றுவது இங்கேதான். கருப்பையின் வாயைக் கட்டி, முழுதாக எடுத்து, கழிவுத் தொட்டியில் போடுங்கள். மடியையும் கீறாமல் முழுதாக எடுங்கள். சிறுநீர்ப்பையின் கழுத்தைப் பிடித்துக் கட்டிய பிறகே வெட்டுங்கள்.

கழிவின் மேல் அழுத்தக் குழாயால் தண்ணீர் அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துளிகள் கூடம் முழுக்கப் பரவும். முதலில் அள்ளுங்கள், பிறகு மெதுவான நீரில் கழுவுங்கள்.

தோல் உரிப்பவர்களும் பட்டியில் நிற்பவர்களும் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் விடுங்கள். உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம். உடலில் கடித்திருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, தேதியை எழுதி வையுங்கள். தளத்தில் சாப்பிடுவது, புகைப்பது, கைபேசி எடுப்பது மூன்றும் கையிலுள்ள கிருமியை வாய்க்குக் கொண்டு போகும் வழிகள்.

6. வெட்டு விழுந்தால், கண்ணில் தெறித்தால்

வெட்டை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, நீர் புகாத ஒட்டுப் போட்டு, அதன் மேல் கையுறை. கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான நீரால் கழுவுங்கள். வெறி பிடித்ததோ என்று சந்தேகப்படும் விலங்கின் உமிழ்நீர் புண்ணில் பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ரேபிஸ் இந்த மாகாணத்தில் உண்டு.

பிறகு விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள்: தேதி, நேரம், எந்த விலங்கு, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, உடலில் எங்கே பட்டது, பக்கத்தில் யார் இருந்தார்கள். சின்ன வெட்டு என்று விட்டுவிடுவது பெரிய பொறி. ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வரும்போது இந்த ஒரு வரிதான் உங்களுக்காகப் பேசும்.

7. காய்ச்சல் வந்தால்

மருத்துவரிடம் உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: ‘ஐ வொர்க் இன் அன் அபட்டோர். ஐ ஹேண்டில் ப்ளட் அண்ட் கேட்டில்.’ அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பிரிவு, பழகிய விலங்கு, வெட்டோ உண்ணிக்கடியோ நடந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதை நோயாளிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு உடலில் இரத்தத் திட்டுகள், மூக்கு அல்லது ஈறில் இரத்தம், கடும் வயிற்று வலி இருந்தால், அல்லது உண்ணியோ இரத்தமோ பட்டு இரண்டு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சல் என்றால், கிளினிக் வரிசையில் நிற்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள், செவிலியரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். கிரிமியன்-காங்கோ காய்ச்சலை மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

மற்றக் காய்ச்சல்களுக்கு: ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் இரத்தக் கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கக் கேளுங்கள். மருந்து உள்ளே போன பிறகு கிருமி வளராமல் போகலாம். புருசெல்லா சந்தேகம் என்று படிவத்தில் எழுத வேண்டும். அந்தக் கிருமி மெதுவாக வளரும், ஆய்வகத்தில் உள்ளவர்களுக்கும் தொற்றும். முதல் எதிர்ப்பொருள் பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

காசநோய்க்குச் சளியில் செய்யும் விரைவுப் பரிசோதனை, மாட்டுக் காசநோயை மனிதக் காசநோயிலிருந்து பிரித்துக் காட்டாது. அதற்குக் கல்ச்சர் வேண்டும். பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், வழக்கமாகக் கொடுக்கும் பைராசினமைடு மாட்டுக் காசநோய்க்கு வேலை செய்யாது.

புருசெல்லோசிஸுக்குச் சிகிச்சை ஒரே மாத்திரை அல்ல, இரண்டு மருந்து, 6 வாரம். பொதுவாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, அதோடு ரிஃபாம்பிசின் அல்லது ஊசி மருந்து. இரண்டாம் வாரமே உடம்பு தேறிவிடும், பலர் நிறுத்துவதும் அப்போதுதான். நோய் திரும்பி, முதுகெலும்பில் உட்காரும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்க வேண்டாம். கர்ப்பிணி என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

செலவு: அரசு கிளினிக்கில் ஆரம்பச் சிகிச்சையும் காசநோய் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், சம்பளச் சீட்டு கொண்டு போங்கள். தனியாரிடம் போனால் முதலிலேயே ‘இது வேலையால் வந்த நோய், இழப்பீட்டு நிதி நோயாளி’ என்று சொல்லி ஏற்பார்களா என்று கேளுங்கள். எல்லா ரசீதையும் வையுங்கள்.

8. இழப்பீட்டுக் கோரிக்கை

புருசெல்லோசிஸ், அடைப்பான், கியூ காய்ச்சல், மாட்டுக் காசநோய், ரிஃப்ட் வேலி காய்ச்சல் ஆகியவை 1993ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ளவை. அட்டவணை சொல்லும் வேலையில் நீங்கள் இருந்தால், நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்ப்பவரின் கடமை. உங்கள் தலையில் அந்தச் சுமை இல்லை.

நோய்க்கான படிவங்கள்: முதலாளி தருவது டபிள்யூ.சி.எல். 1. நீங்கள் தருவது டபிள்யூ.சி.எல். 14. மருத்துவரின் முதல் அறிக்கை 22, தொடர் மற்றும் இறுதி அறிக்கை 26. எங்கெங்கே என்ன வேலை செய்தீர்கள் என்ற வரலாறு 110. கத்தி வெட்டு போன்ற விபத்துக்கு வேறு படிவம்: முதலாளிக்கு 2, மருத்துவருக்கு 4. நோய்க்கு விபத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து மாதக்கணக்கில் கிடப்பில் போவது அடிக்கடி நடக்கிறது. படிவ எண்ணை நீங்களே பாருங்கள்.

கெடு: தெரிந்தவுடன் முதலாளிக்கு எழுத்தில் சொல்லுங்கள். விபத்தை 7 நாளிலும், நோயை 14 நாளிலும் அவர் நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கெடு, மருத்துவர் முதன்முதலில் நோயைக் கண்டறிந்த நாளிலிருந்து 12 மாதம். முதலாளி இழுத்தடித்தால் காத்திருக்காமல் டபிள்யூ.சி.எல். 14ஐ நீங்களே வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோரிக்கை எண் இல்லாமல் பின்னால் எதையும் விசாரிக்க முடியாது. படிவம் இலவசம், ‘முடித்துத் தருகிறேன், இத்தனை விழுக்காடு கொடு’ என்பவரிடம் போகாதீர்கள்.

பணம்: வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு. முதல் 3 மாதம் முதலாளி கொடுத்துவிட்டு நிதியிடம் திரும்பப் பெறுவார். நியாயமான மருத்துவச் செலவு 2 ஆண்டு வரை நிதியின் பொறுப்பு.

இங்கே மூன்று பொறிகள். மருத்துவச் சான்றில் ‘வைரல் காய்ச்சல்’ என்று இருந்தால், முடிவு வந்ததும் திருத்திய சான்று கேளுங்கள். இரண்டாவது, அலுவலகம் உங்கள் சுகவீன விடுப்பிலிருந்து நாட்களைக் கழிக்கும். இழப்பீடு கிடைக்கும் தொழில் நோய்க்கு அந்த விடுப்பு பொருந்தாது, இழப்பீடு கிடைக்காத நாட்களுக்கு மட்டுமே அதைத் தொடலாம். நீங்களாகச் ‘சிக் லீவ்’ படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். மூன்றாவது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் அதோடு முடிந்தது என்று விடுவது. 180 நாளுக்குள் டபிள்யூ. 929 படிவத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

9. வீட்டிலும் ஆடி மாதத்திலும்

வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், துவைப்பது முதலாளியின் வேலை. வேறு வழியே இல்லை என்றால் தனிப் பையில் கொண்டு வந்து, குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் துவையுங்கள்.

மாரியம்மன் கூழ் வார்க்கும் காலத்தில் வீட்டிலே கோழியும் கடாவும் அறுப்பார்கள், வேலை தெரிந்தவர் என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த உணவுக்கும் வழிபாட்டுக்கும் சட்டம் விலக்குத் தருகிறது, ஆனால் அந்தக் கறியை விற்கக் கூடாது. மாநகராட்சி விதி என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சோர்ந்து நிற்கும், மூக்கொழுகும், உண்ணி மொய்த்த ஆட்டை வாங்காதீர்கள். அபட்டோரில் போடும் அதே கையுறையும் கண்ணாடியும் இங்கேயும் வேண்டும், இங்கே பரிசோதகர் இல்லை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி நிறுத்துங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி கண்டால் நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். பால் கறந்த சூட்டோடு குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

10. வேலையை விடும்போது

வெளியேறும் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். சேர்ந்த நாள் முதல் உள்ள மருத்துவப் பதிவின் நகலையும், எந்தப் பிரிவில் எந்தக் காலத்தில் வேலை செய்தீர்கள் என்ற சேவைச் சான்றையும் வாங்குங்கள். கியூ காய்ச்சல் ஆண்டுகள் கழித்தும் இதய வால்வில் தலைகாட்டும், புருசெல்லோசிஸ் முதுகு வலியாக வரும். அப்போது நீங்கள் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கலாம். 12 மாதக் கெடு நோய் கண்டறிந்த நாளிலிருந்துதான் என்பதால், வேலையை விட்ட பிறகும் கோரலாம். படிவம் 110ஐ நிரப்பும்போது அந்தச் சேவைச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள்.